சுவரின் எந்தப் பக்கம் எழுவோம்?

கேள்வி எளிமையானது. இறந்தவர்கள் எல்லாரும் இறுதி நாளில் உடலோடு எழுவார்கள் என்று கிறிஸ்தவர்களாகிய நாம் நம்புகிறோம். அந்த நாளில், திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் கிடப்பவர்கள் சுவரின் எந்தப் பக்கம் எழுந்து நிற்பார்கள்?

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தத் தோட்டத்துக்கு உள்ளேயே ஒரு சுவர். ஒரு பக்கம் தலித் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் மற்றவர்கள். இரண்டு பக்கமும் அதே சிலுவை, அதே ஜெபம். அதற்கு எதிராகப் பல வருடங்களாகப் போராட்டம் நடந்திருக்கிறது, பத்திரிகைகள் எழுதியிருக்கின்றன. மேலப்புதூர் பெயர் வெளியே வந்துவிட்டது, அவ்வளவுதான். செங்கல்லே இல்லாமல், வேலியாலும் பாதையாலும் ‘அது அவங்க இடம்’ என்ற வழக்கத்தாலும் இதே வேலையைச் செய்கிற ஊர்கள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கின்றன.

இதைப் பேச ஆரம்பித்தாலே நம் ஆட்கள் ஒரு பதில் வைத்திருப்பார்கள். “அது சமூகப் பிரச்சினைங்க, விசுவாசத்தோட ஏன் குழப்புறீங்க?” நான் சொல்ல வருவது இதற்கு நேர் எதிரானது. கல்லறைச் சுவர் விசுவாசப் பிரச்சினைதான். அதைக் காப்பாற்றுகிறவர், ஈஸ்டருக்குப் புதுச்சட்டை போட்டு முதல் வரிசையில் உட்கார்ந்தாலும், கிறிஸ்துவின் உயிர்ப்பை நம்பவில்லை.

எப்படி இந்த நிலைக்கு வந்தோம்? நாம் சிலுவைக் கதையைச் சொல்கிற விதத்தில் இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கான்டர்பரி பேராயர் ஆன்செல்ம் 1098 வாக்கில் ஒரு நூலை முடித்தார். மனிதன் தன் பாவத்தால் கடவுளின் மாண்புக்குக் குறை வைத்துவிட்டான், அதை ஈடுகட்ட மனிதனால் முடியாது, அதனால் கடவுளே மனிதனாகி ஈடு செய்ய வேண்டியிருந்தது என்பது அதன் வாதம். பின்னால் வந்த சீர்திருத்தவாதிகள் அதை நீதிமன்றத்துக்குள் கொண்டுபோனார்கள்: எனக்குரிய தண்டனையை அவர் வாங்கிக்கொண்டார். இரண்டுமே ஆழமான சிந்தனைகள். கடன், விலை, மீட்பு என்ற மொழி புதிய ஏற்பாட்டிலேயே இருக்கிறது. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் நம் ஜெபக்கூட்டங்களுக்கு வந்து சேர்வதற்குள் அது கரண்ட் பில் கட்டுவது மாதிரி ஆகிவிட்டது. நான் வைத்த பாக்கியை அவர் கட்டிவிட்டார். என் கணக்கு நேராகிவிட்டது. ஸ்தோத்திரம்.

மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் பரிவர்த்தனை என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். முடிந்ததும் ஒரு செய்தி வரும், திரையை மூடிவிடலாம். அதில் இரண்டே தரப்பு. பக்கத்து வீட்டுக்காரர் கிடையாது, தெரு கிடையாது, சேரி கிடையாது. எனக்கும் கடவுளுக்கும் நடுவே கணக்கு முடிந்துவிட்டால், என்னை யாருக்குப் பக்கத்தில் புதைக்கிறார்கள் என்பது அந்தக் கணக்கில் எங்கே வரும்? சுவருக்கு இதைவிடப் பாதுகாப்பான இறையியல் இருக்க முடியாது.

இந்தக் கணக்கில் இன்னொரு ஓட்டை. பணம் வெள்ளிக்கிழமையே கட்டியாகிவிட்டது என்றால் ஞாயிற்றுக்கிழமை எதற்கு? வெறும் ரசீதா? பவுல் அப்படி நினைக்கவில்லை. கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 15ஆம் அதிகாரத்தில், கிறிஸ்து எழுந்திருக்காவிட்டால் நீங்கள் இன்னும் உங்கள் பாவங்களில்தான் கிடக்கிறீர்கள் என்ற பொருளில் எழுதுகிறார். அதாவது உயிர்ப்பு இல்லாமல் சிலுவை மட்டும் எதையும் முடித்து வைக்கவில்லை. அவருடைய நம்பிக்கையின் முழு எடையும் எழுப்பப்பட்ட ஓர் உடலின் மேல் இருக்கிறது.

யாருடைய உடல் அது? சிலுவை ரோமர்கள் எல்லாருக்கும் கொடுத்த தண்டனை இல்லை. அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் உரியது. ரோமக் குடிமக்களுக்குப் பொதுவாக விலக்கு உண்டு. கி.மு. 71இல் ஸ்பார்ட்டகஸின் அடிமைக் கலகத்தை ஒடுக்கிய பிறகு, பிடிபட்ட 6,000 பேரை அப்பியன் சாலை நெடுகச் சிலுவையில் அறைந்தார்கள். வெறுமனே கொல்வது அவர்கள் நோக்கமில்லை. நிர்வாணமாக, எல்லாரும் நடக்கிற வழியில், இவன் மனிதனே இல்லை என்று அறிவிப்பது. பெரும்பாலும் பிணத்தைக்கூட இறக்க விடமாட்டார்கள், பறவைக்கும் நாய்க்கும் போகும். 1968இல் ஜெருசலேமில் ஒரு கல்லறையில் ஆணி பாய்ந்த குதிகால் எலும்பு ஒன்று கிடைத்தது. இப்படிப்பட்ட சான்று அவ்வளவு அரிது என்பதால்தான் தொல்லியலாளர்கள் இன்றும் அதைப் பேசுகிறார்கள். அடக்கம் மறுக்கப்படுவதும் தண்டனையின் பகுதி. இதைத் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பிணத்தைத் தூக்கிக்கொண்டு பொதுப்பாதையில் போக முடியாமல், வயலில் இறங்கி வரப்பில் நடந்தவர்களுக்கு அது தெரியும்.

இயேசு நகர வாசலுக்கு வெளியே கொல்லப்பட்டார். எபிரெயர் நிருபம் இதைச் சாதாரண இடக்குறிப்பாக விடவில்லை. அவருடைய அவமானத்தைச் சுமந்துகொண்டு நாமும் அங்கே, வெளியே, அவரிடம் போகவேண்டும் என்று சொல்கிறது. பலியின் அர்த்தம் இந்த இடத்தில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஊர் யாரை வெளியே தள்ளியதோ அவர்களுடைய இடத்தில் கடவுள் போய் நின்றார். ‘ஊருக்கு வெளியே’ என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன பொருள் என்பதற்கு அகராதி வேண்டாம்.

அப்புறம் அடக்கம். அவருக்குச் சொந்தக் கல்லறை கிடையாது. அரிமத்தியா ஊர் யோசேப்பு தன் கல்லறையைக் கொடுத்தார், பாறையில் வெட்டிய புதுக்கல்லறை. தன் குடும்பத்துக்காக வைத்திருந்த இடத்தில், தூக்கு மரத்திலிருந்து இறக்கிய ஒரு கலிலேயனை வைத்தார். நம் ஊர் வழக்கம் அங்கே இருந்திருந்தால் யோசேப்பிடம் என்ன கேட்டிருப்பார்கள்? “நாளைக்கு உங்க அப்பாவை எங்க வைப்பீங்க?”

அந்த உடலைத்தான் கடவுள் எழுப்பினார். ஒரு பேரரசும் ஒரு கோவில் தலைமையும் சேர்ந்து ‘இவன் தள்ளுபடி’ என்று எழுதிய தீர்ப்பை மேல்முறையீட்டில் ரத்து செய்தார். அப்படி எழுந்த உடலில் காயங்கள் அப்படியே இருந்தன. தோமாவுக்கு அவர் காட்டியது அவற்றைத்தான். இந்தத் தோமாதான் நம் மண்ணுக்கு வந்தவர் என்று மரபு சொல்கிறது. சாந்தோமிலும் பரங்கிமலையிலும் அவரை வைத்துக் கொண்டாடுகிறோம். காயத்தைப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றவரின் பெயரில் கோவில் கட்டிவிட்டு, காயம்பட்ட உடல்களைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒதுக்குகிறோம்.

“செத்தவனுக்கு எங்க படுத்தா என்னப்பா, ஆத்மா போயிடுச்சுல்ல?” என்று கேட்பார்கள். ஆத்மா மட்டும் போதும் என்றால் விசுவாசப் பிரமாணத்தில் உடலின் உயிர்ப்பை ஏன் வாரம் தவறாமல் அறிக்கையிடுகிறோம்? சரி, உடல் முக்கியமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் சுவரை இடித்துவிட வேண்டியதுதானே? எங்கே படுத்தாலும் ஒன்றுதான் என்பவர்கள்தான் தன் இடத்தை மட்டும் விடமாட்டேன் என்கிறார்கள்.

சுவர் என்பது நானாகக் கொண்டுவந்த உவமை இல்லை. ஜெருசலேம் கோவிலிலேயே பிற இனத்தார் தாண்டக்கூடாத ஒரு தடுப்பு இருந்தது. தாண்டினால் சாவுதான் என்று கிரேக்கத்தில் எச்சரித்த கல்வெட்டு 1871இல் கிடைத்தது. இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரிக்கும் சுவரைக் கிறிஸ்து தன் உடலால் தகர்த்தார் என்று எபேசியர் நிருபம் சொல்கிறது. அந்தக் கோவில் தடுப்பைத்தான் அது நினைவூட்டுகிறது என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். அவர் எதைத் தகர்க்கச் செத்தாரோ, அதை அவர் பெயரிலேயே திரும்பக் கட்டியிருக்கிறோம்.

இடிக்கவே முடியாது என்பதும் பொய். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் கோவிலுக்குள்ளேயே வேளாளரையும் நாடாரையும் பிரித்த தடுப்பு இருந்தது. 1910இல் குருவானவர் கௌசானல் காலத்தில் அது அகற்றப்பட்டது. வேளாளர் தரப்பு வழக்குப் போட்டது, சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. நூறு வருடத்துக்கு முன்பே முடிந்த காரியம் இது.

அறிக்கைகளுக்கும் பஞ்சமில்லை. 2003இல் போப் இரண்டாம் ஜான் பால் தமிழ்நாட்டு ஆயர்களிடம் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித்துகளுக்கான கொள்கை ஆவணமே வெளியிட்டது, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட பிறகு என்ன?

“இதையெல்லாம் வெளிய பேசினா நமக்கு எதிரானவங்களுக்கு வசதியாப் போயிடும்” என்பது கடைசி வாதம். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை. அது அநீதி. மதம் மாறியும் சாதி விடவில்லை என்பதுதான் அந்தக் கோரிக்கையின் அடிப்படை, அதற்குக் கல்லறைச் சுவரே சாட்சி. எனவே சுவரைப் பற்றிப் பேசுவதால் தலித்துகளின் கோரிக்கை பலவீனமாகாது. அந்தச் சாட்சியத்தை நாமே வெள்ளையடித்துப் பராமரிக்கிறோம் என்பதுதான் வெளியே தெரியும். தெரியட்டும்.

கேட்பது ஒன்றுதான். மணமுறிவுக்குப் பிறகு மறுமணம் செய்தவருக்கு நற்கருணை கொடுக்கலாமா என்று பக்கம் பக்கமாக விவாதிக்கிற திருச்சபை, தனிக் கல்லறை கேட்பவருக்கு யோசிக்காமல் கொடுக்கிறது. இனி கொடுக்கக்கூடாது. தனிக் கல்லறை வைத்திருக்கும் பங்குகளில், அது பொதுவாகும் வரை பாஸ்கா திருவிழிப்பு நடத்தமாட்டோம் என்று ஆயர்கள் அறிவிக்கட்டும். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தி ஏற்றப் போகிற இளைஞர்கள் தங்கள் பங்குத்தந்தையிடம், எல்லாரும் பார்க்க, இந்தத் தோட்டத்தில் யாரை எங்கே புதைப்பது என்று யார் முடிவு செய்கிறார்கள் என்று கேட்கட்டும். ஒழுங்கான பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.