சத்துணவுக் கூடத்தில் பெரியவர்களுக்கும் ஒரு தட்டு

திருப்பூரில் சாப்பாட்டு நேரத்தைக் கம்பெனிதான் முடிவு செய்கிறது. காலை எட்டரைக்கு ஷிப்ட். ஆர்டர் நெருக்கடி என்றால் ஒன்றரை ஷிப்ட், வீடு திரும்ப இரவு ஒன்பதாகிவிடும். மகனும் மருமகளும் பனியன் கம்பெனிக்குப் போகிற வீட்டில், வேலைக்குப் போகாத பெரியவர்களுக்கும் அதே மணிக்கணக்குத்தான். ஏழு மணிக்கு வடித்து ஹாட்பாக்ஸில் மூடி வைத்த சோறு மதியத்துக்கு. ராத்திரிச் சோறு ஒன்பதுக்கு மேல். இடையில் டீ, பன், வர்க்கி. வயதானவர்களின் மறதியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த ஹாட்பாக்ஸைத் திறந்து பார்த்துவிட்டுப் பேச வேண்டும் என்பது என் கட்சி.

நான் பெருமாநல்லூர் பக்கம் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். அடுத்தவர் தட்டை எட்டிப் பார்ப்பது தொழில் பழக்கம், போகமாட்டேன் என்கிறது. எங்கள் வீதியில் ஒரு பெரியம்மா, எழுபதைத் தாண்டியவர். இளவயதில் பனியன் கம்பெனியில் கைமடி வேலை, பிறகு செக்கிங். 1984-ல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்ததே, அதில் நின்றவர். இப்போது திண்ணையில் உட்கார்ந்து பீஸ் கணக்கில் பிசிறு வெட்டுகிறார். மதியம் போய், "பெரிம்மா, சாப்டாச்சுங்களா?" என்று கேட்டால், "ஆச்சு அம்மிணி" என்பார். ஹாட்பாக்ஸைத் திறந்தால் சோறு அப்படியே இருக்கும். "டீ குடிச்சனா, பசியே தெரீல கண்ணு." அந்த 127 நாளில் எந்தச் சங்கத்துக்காரர் எங்கே நின்று பேசினார் என்பது வரை சொல்வார். மதியம் சாப்பிட்டோமா என்பது மட்டும் நினைவில் நிற்காது. சாப்பிடுகிற நாளிலும் ரசமும் ஊறுகாயும்தான். பொரியலும் முட்டையும் பேரனுக்கென்று ஒதுங்கிவிடும். யாரும் பிடுங்குவதில்லை, அவராகவே எடுத்து வைப்பதுதான்.

வயசானால் மறதி வரத்தானே செய்யும் என்று வீட்டில் விட்டிருந்தார்கள். சர்க்கரைக்குப் பல வருடமாக மெட்ஃபார்மின் போடுகிறவர், காலும் மரத்துப் போகிறது என்றதும் டாக்டர் ரத்தத்தில் பி12 பார்க்கச் சொன்னார். ரொம்பக் குறைவு. ஊசி போட்ட பிறகு மரப்பு குறைந்தது, பேச்சில் கொஞ்சம் தெளிவு வந்தது. முழுதாகத் திரும்பவில்லை. பி12 இயற்கையாகக் கிடைப்பது பால், தயிர், முட்டை, மீன், கறியில்தான். வயதாக ஆக வயிறு அதை உறிஞ்சுவது குறையும், அந்தச் சர்க்கரை மாத்திரையும் நாள்பட அதைக் குறைக்கும். எல்லா மறதிக்கும் இது காரணமல்ல. ஆனால் தைராய்டு, மனச்சோர்வு போல, சீக்கிரம் கண்டுபிடித்தால் சரிசெய்ய வாய்ப்புள்ள காரணங்களில் இதுவும் ஒன்று. சர்க்கரை மாத்திரை போடும் பெரியவர் வீட்டில் இருந்தால், அடுத்த முறை டாக்டரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.

60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக 2023-ல் ஒரு கணக்கு வந்தது. மறதிநோயில் கிட்டத்தட்ட 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று 2024-ல் லான்செட் நிபுணர் குழு சொன்னது. அவர்கள் பட்டியலிட்ட 14 காரணங்களில் சர்க்கரை, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, உடல் பருமன் நான்கும் பெரும்பாலும் தட்டு வழியாக வருகிறவை. தனிமையும் அதில் உண்டு, காது கேளாமையும் உண்டு. பல்லடம், சோமனூர்ப் பக்கம் விசைத்தறிச் சத்தத்திலேயே காலம் கழித்தவர்களின் காதை எத்தனை பேர் பரிசோதித்திருப்பார்கள்?

கடைக்காரர்களோ வால்நட்டைக் காட்டுகிறார்கள். பார்க்க மூளை மாதிரியே இருக்கிறதாம், அதனால் மூளைக்கு நல்லதாம். அப்படியானால் முந்திரி கிட்னிக்கு ஆக வேண்டும். கீரை, பெர்ரிப் பழம், கொட்டை வகை, ஆலிவ் எண்ணெய் என்று மூளைக்காகவே வகுத்த ஓர் உணவுமுறையை அமெரிக்காவில் 604 பேரிடம் மூன்று வருடம் சோதித்தார்கள். 2023-ல் முடிவு வந்தது. வழக்கமான சாப்பாட்டையே சற்றுக் குறைத்துச் சாப்பிட்டவர்களுக்கும் இவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசமில்லை. பின்லாந்தில் 1,260 பேரிடம் நடந்த ஆய்வு வேறு மாதிரி. நல்ல சாப்பாட்டோடு உடற்பயிற்சி, மூளைக்கு வேலை, ரத்த அழுத்தக் கவனிப்பு எல்லாம் சேர்த்துக் கொடுத்தார்கள். இரண்டு வருடத்தில் பலன் தெரிந்தது.

கம்பஞ்சோறு தின்ற காலத்தில் இந்த மறதியெல்லாம் ஏது என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அப்பாரு கம்பு தின்றார், சரி. கூடவே கவலை இறைத்தார், ராத்திரி திண்ணையில் நாலு பேரோடு உட்கார்ந்து பேசினார். கம்பை மட்டும் பாக்கெட்டில் வாங்கி வந்து என்ன செய்ய? கம்பை விடுங்கள், ரேஷனில் 30 ரூபாய்க்கு வரும் துவரம் பருப்பை அரிசிம்பருப்புச் சோற்றில் ஒரு கை கூடப் போடுங்கள். கொள்ளை ஆட்டிக் கடைந்து கொடுங்கள். பல் போனவர்களுக்குக் கீரையைக் கடையாமல் பொரியலாக வைத்தால் தட்டோரம்தான் கிடக்கும். பன் மெத்தென்று இருப்பதால்தான் அவர்கள் பன்னுக்குப் போகிறார்கள். ஊறுகாய் ஜாடியைக் கையெட்டாத இடத்தில் வையுங்கள், ரத்த அழுத்தத்துக்கு அது ஆகாது.

இதெல்லாம் செய்தாலும் மதியம் பக்கத்தில் உட்கார ஆள் வேண்டுமே. அதற்கு இந்த மாநிலத்தில் ஏற்கெனவே வழி இருக்கிறது. 1982-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம், 1983-ல் முதியோர் உதவித்தொகை பெறுவோருக்கும் விரிந்தது. மையத்தில் சாப்பிடுகிற பெரியவருக்கு மாதம் 2 கிலோ அரிசி, சாப்பிடாதவருக்கு 4 கிலோ என்று கணக்கே உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தட்டோடு வந்து பிள்ளைகளுக்குப் பின்னால் உட்கார்ந்த பாட்டிகள் இருந்தார்கள். பிறகு அரிசியே மேல் என்று ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். தர்மச்சோறு என்கிற கூச்சமும் சேர்ந்துகொண்டது. அடுப்பும் ஆயாவும் அங்கேயே இருக்கிறார்கள். பிள்ளைகளுக்குத் தருகிற முட்டையிலும் பயறிலும் பெரியவர்களுக்கும் பங்கு வைத்து, சோற்றைச் சற்றுக் குறைத்து, பிள்ளைகள் எழுந்தபின் தனிப்பந்தியாகப் போட்டால் கூச்சமும் போகும். வாரம் ஒரு நாள் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்ட ஊழியர் அங்கேயே வந்து சர்க்கரை, பிரஷர் பார்க்கட்டும். ஞாபகத்தைச் சோதிக்க நாலு கேள்வியும் கேட்கட்டும்.

உதவித்தொகை வாங்கும் பெரியவர் உங்கள் வீட்டில் இருந்தால், பக்கத்துப் பள்ளிச் சத்துணவு அமைப்பாளரிடம் போய்க் கேளுங்கள். கைவிரித்தால், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் ஒரு மனு எழுதிப் போடுங்கள். எங்கள் வீதியிலிருந்து ஒரு மனு போகிறது.