எழுத்துரு போனால் அம்மாவும் போச்சு!

எங்க தாத்தா சொன்ன ஊர்க்கதைகளை எழுதி, ஒத்தக்கடையில ஒரு டிடிபி கடையில அடிக்கக் கொடுத்தேன். கோப்பை வீட்டுல திறந்தா, 'அம்மா' இருந்த இடத்துல ஆங்கிலத்துல எம், கே, அரைப்புள்ளி, கே, எச்! ஙேன்னு முழிச்சேன். கடைக்கார அண்ணனைக் கேட்டா, "பாமினி ஃபாண்ட் போட்டுக்க தம்பி, சரியாயிரும்"னார்.

சரியாகாது நண்பர்களே! பாமினி தமிழைச் சேமிக்கிறதே இல்லை. ஆங்கில எழுத்தைச் சேமிச்சு, அதுக்குத் தமிழ் வேஷம் கட்டுது. ஃபாண்ட் இல்லாத கணினியில வேஷம் கலைஞ்சிடும். தமிழ்ல தேடினாலும் தாத்தா கதை சிக்காது.

யுனிகோடில் தமிழ் 1991லேயே வந்தாச்சு. தமிழக அரசும் 2010ல் அதைத் தரமா ஏத்துக்கிச்சு. இன்னுமா இந்தக் கூத்து?

"பேஜ்மேக்கருக்கு யுனிகோடு தெரியாதே"ம்பாங்க. உண்மைதான். அப்ப அச்சுக்குப் போற பிரதியை மட்டும் பாமினிக்கு மாத்துங்க. மூலத்தை யுனிகோடில் வைங்க. மாத்துற மென்பொருள் இலவசமாவே கிடைக்குது.

கொரியாவிலும் இப்படி ஒரு தலைவலி உண்டு. அங்கே பலரும் பயன்படுத்துற ஹங்குல் மென்பொருளோட கோப்பு மத்த மென்பொருள்ல லேசுல திறக்காது. அந்தப் பூட்டோட சாவி ஹன்காம் கம்பெனிகிட்ட இருந்துச்சு. 2010ல் அவங்களே கோப்பு வடிவத்தோட விவரத்தை வெளியிட்டாங்க. நம்ம சாவியை யாரும் ஒளிச்சு வைக்கலை. சோம்பல்ல நாமதான் எடுக்கலை.

அடுத்த தடவை காசு கொடுக்கும்முன்ன கேளுங்க: "அண்ணே, யுனிகோடுல ஒரு பிரதி கொடுங்க." பேரப்பிள்ளைங்க படிக்க வேண்டாமா?