பறந்த மணிக்கே பணம்

விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளச் சேரும் மாணவன் பயிற்சிப் பள்ளிக்குப் பணம் கட்டுவது நாள்காட்டியைப் பார்த்து; பள்ளி அவனைப் பறக்க விடுவதோ மழையையும், விமானத்தின் பழுதையும், ஆசிரியருக்குக் கிடைக்கும் அவகாசத்தையும் பார்த்து. ஒன்றோடொன்று ஒட்டாத இந்த இரண்டு கணக்குகளும் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் குடியிருப்பதுதான், இன்று பெற்றோர்களும் பள்ளிகளும் வக்கீல் நோட்டீஸ் பரிமாறிக்கொள்ளும் கட்டணத் தாவாக்களுக்குப் பெரும்பாலும் மூலகாரணம் என்பது என் அபிப்பிராயம். பேராசை பிடித்த நிர்வாகம், ஏமாந்துபோன தகப்பனார் என்று இவ்விஷயத்தைக் கதையாகச் சொல்லிவிடுவது சுலபம். அப்படிப்பட்ட நிர்வாகங்கள் இல்லாமலும் இல்லை. ஆனால் யோக்கியமாக நடக்க நினைக்கும் பள்ளியையும் தகராறில் கொண்டுபோய் நிறுத்தக்கூடிய ஓர் ஏற்பாட்டை அப்படியே விட்டுவைத்துவிட்டு, ஆட்களை மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பதால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

வர்த்தக விமானி உரிமத்துக்கு, 1937-ஆம் வருஷத்து விமான விதிகள் 200 மணி நேரம் பறந்த அனுபவத்தைக் கேட்கின்றன. அதில் 100 மணி, விமானத்தின் முழுப் பொறுப்பையும் தானே ஏற்றுப் பறந்ததாக இருக்கவேண்டும். அவ்வாறு பறந்ததில் 20 மணி ஊர் விட்டு ஊர் சென்றதாகவும், அதிலும் ஒரு பயணம் 300 கடல் மைலுக்குக் குறையாததாகவும் இருக்கவேண்டும். இரவில் பறப்பதற்கும், வெளியே பாராமல் கருவிகளை மாத்திரம் நம்பிப் பறப்பதற்கும் தனித்தனிக் கணக்கு உண்டு. இவற்றையெல்லாம் பள்ளிகளின் விளம்பரப் பிரசுரங்களே விஸ்தாரமாகச் சொல்லிவிடுகின்றன. அவை அடக்கி வாசிப்பது வேறொரு நிபந்தனையை: அந்த 200 மணியும் விண்ணப்பத் தேதிக்கு முந்திய 5 வருஷங்களுக்குள்ளும், அதில் 15 மணியாவது கடைசி 6 மாதங்களுக்குள்ளும் பறந்ததாக இருக்கவேண்டும். ஆகவே, 200 மணியையும் முடித்துவிட்ட ஒரு மாணவன், பாக்கித் தொகை பற்றிய தகராறில் பள்ளி அவனுடைய ஏடுகளில் கையெழுத்திட மறுத்ததால் ஏழெட்டு மாதம் கழித்து விண்ணப்பிக்க நேர்ந்தால், அந்த 15 மணியை மறுபடியும் பணம் கொடுத்துப் பறக்கவேண்டியவனாகிறான். வருஷந்தோறும் புதுப்பிக்கவேண்டிய வைத்தியப் பரிசோதனை வேறு இருக்கிறது. கலைக் கல்லூரியில் தாமதம் என்பது மனக்கஷ்டம். இங்கே தாமதமே நஷ்டம். ஒப்பந்தத்தில் பள்ளியின் கை ஓங்கி நிற்பதன் ரகசியம் இதுதான்: காத்திருந்தால் யாருக்கு நஷ்டம் என்பது இரு தரப்புக்கும் நன்றாகத் தெரியும்.

பள்ளிகளின் தரப்பில் நியாயம் இல்லையென்று சொல்லமாட்டேன். விமானமும் அதன் உதிரிப் பாகங்களும் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியவை. பயிற்சி விமானங்களுக்கு ஊற்றும் அவ்காஸ் என்ற விசேஷ பெட்ரோல் 2022 வரையில் முழுக்க இறக்குமதிதான், அந்த வருஷந்தான் இந்தியன் ஆயில் நிறுவனம் அதை வதோதராவில் தயாரிக்கத் தொடங்கியது. பருவமழை மாதங்களில் காலை மேகம் விலகுமா என்று எதிர்பார்த்து ஓடுபாதையோரம் உட்கார்ந்திருக்கும் ஆசிரியருக்கும் சம்பளம் கொடுத்தாகவேண்டும். நடுவழியில் படிப்பை விட்டுப் போகிற மாணவர்களும், எழுத்துப் பரீட்சையில் தேறாமல் தாங்களே காலத்தைக் கடத்திவிட்டுப் பள்ளியைக் குறை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அதிகாரிகள் கைவைத்தாலும் பயிற்சி நின்றுபோகும்: 2023 அக்டோபரில் மகாராஷ்டிரத்துப் பாராமதி அருகே ஒரே வாரத்தில் இரண்டு பயிற்சி விமானங்கள் விபத்துக்குள்ளானதும், சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் அந்தப் பள்ளியின் பயிற்சியை நிறுத்தி வைத்தது. உயிர்ப் பாதுகாப்பை முன்னிட்டு எடுத்த நடவடிக்கை அது, சரியானதுங்கூட. ஆனால் அப்படி நிற்கும் வாரங்களில் வங்கியின் வட்டி நிற்பதில்லை. அந்த வட்டி யார் தலையில் விழவேண்டும் என்பதைப் பற்றி ஒப்பந்தங்கள் வாய் திறப்பதும் இல்லை.

மற்ற விஷயங்களில் அவை தாராளமாகவே பேசுகின்றன. செலுத்திய கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது என்பது ஒரு ஷரத்து. பயிற்சிக் காலம் உத்தேசமானது என்பது ஒரு ஷரத்து. எரிபொருள் விலை ஏறினால் மாணவர் வித்தியாசத்தைச் செலுத்தவேண்டும் என்பது ஒன்று. தகராறு வந்தால் நிர்வாக இயக்குநர் நியமிக்கும் மத்தியஸ்தரே தீர்ப்புச் சொல்வார் என்பது இன்னொன்று. காலத்தில் பள்ளிக்கு உறுதி இல்லை, தொகையில் மாணவனுக்கு உறுதி இல்லை. கையெழுத்து வாங்கும் தினத்தில், நாற்பது பக்கம் கொண்ட அந்தக் கட்டை யாரும் நிதானமாகப் படிப்பதில்லை. பையனின் தாயார் பக்கத்தில் நின்று பூரித்துக்கொண்டிருக்கும்போது தகப்பனார் ஷரத்துக்களை விவாதிக்க முற்படுவார் என்று எதிர்பார்ப்பது மனித சுபாவத்தை அறியாத காரியம்.

ஒரே ஒரு வரியை மட்டும் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். "ஒரு மணி நேரம்" என்பது எது? விதிகளின்படி, பறப்பதற்காக விமானம் முதலில் நகரத் தொடங்கிய கணத்திலிருந்து, இறங்கி வந்து கடைசியாக நிற்கும் கணம் வரையில் உள்ளதே பறந்த நேரம். சக்கரத்தடியில் வைத்த கட்டையை எடுத்ததிலிருந்து மறுபடி வைப்பது வரை என்று விமான நிலையத்தில் சொல்வார்கள். ஆனால் விமானத்தின் பலகையில் ஹாப்ஸ் மீட்டர் என்ற சிறு பெட்டி ஒன்று இருக்கிறது. பல விமானங்களில் அது எஞ்சின் ஓடத் தொடங்கியதுமே எண்ண ஆரம்பித்துவிடும். எஞ்சின் சூடேறுவதற்காகவும், மாணவன் பட்டியலை வாய்விட்டுப் படித்துக் கருவிகளைச் சரிபார்ப்பதற்காகவும் நின்ற இடத்தில் நிற்கும் நிமிஷங்கள் மீட்டரில் ஏறும், அவனுடைய பறத்தல் ஏட்டில் ஏறமாட்டா. ஒவ்வொரு முறையும் 6 நிமிஷம் வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், 150 முறை பறந்து முடிக்கையில் 15 மணி நேரத்துக் கட்டணம் வித்தியாசப்படும். இரண்டில் எந்தக் கணக்குப்படி பில் போடப்படும் என்பதை முதல் நாளே எழுதி வாங்கியவர்களுக்கு இந்தத் தாவா வருவதில்லை. கட்டணத்தில் ஜிஎஸ்டி சேர்த்திருக்கிறதா என்பதையும் ரசீதில் பார்த்துக்கொள்ளவேண்டும். அங்கீகாரம் பெற்ற பள்ளிகளின் அங்கீகாரம் பெற்ற பயிற்சிக்கு அந்த வரி இல்லையென்று 2024 செப்டம்பரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் தெளிவுபடுத்தியிருக்கிறது.

தகராறு முற்றிவிட்டால் எங்கே போவது? 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஏழைக்கு ஏற்ற வாசல். திருநெல்வேலிக்காரர் மத்தியப் பிரதேசத்துப் பள்ளியின்மேல் தம்முடைய மாவட்டத்திலேயே பிராது கொடுக்கலாம். செலுத்திய தொகை 50 லட்சம் வரையில் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். அதற்கான கட்டணம் அதிகபட்சம் 1,000 ரூபாய். மத்தியஸ்த ஷரத்து ஒப்பந்தத்தில் இருப்பது இதற்குத் தடையில்லை என்று 2018-இல் எம்மார் எம்ஜிஎஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் வாசலிலேயே ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. கல்வி என்பது "சேவை" அன்று, மாணவர் நுகர்வோரும் அல்லர் என்ற கொள்கையை ஒட்டி, தொழிற்கல்வி நிலையங்களும் இச்சட்டத்துக்கு வெளியே நிற்பவை, தனிப்பயிற்சி வகுப்புகள் மாத்திரமே உள்ளே வரும் என்று 2020 ஜனவரியில் மனு சோலங்கி வழக்கில் தேசிய ஆணையம் தீர்மானித்தது. அது உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடாகப் போயிருக்கிறது. விமானப் பள்ளி எந்தப் பக்கம்? பட்டமும் கொடுக்காமல், உரிமமும் கொடுக்காமல், வேறொருவர் நடத்தும் பரீட்சைக்கும் வேறொருவர் வழங்கும் உரிமத்துக்கும் ஆளைத் தயார்செய்து அனுப்புவதே அதன் வேலையாக இருக்கையில், அது தனிப்பயிற்சி வகுப்பின் ஜாதியைச் சேர்ந்தது என்பதே என் வாதம். பள்ளியின் வக்கீல் நேர்மாறாகத்தான் வாதிப்பார். அவர் ஜெயித்தால் மாணவனுக்கு மிஞ்சுவது சிவில் கோர்ட்டு அல்லது மத்தியஸ்தர். 30 லட்சம் கேட்டுத் தமிழ்நாட்டில் வழக்குப் போட்டால் 3 சதவீதக் கணக்கில் கோர்ட்டுக் கட்டணமே 90,000 ரூபாய். மத்தியஸ்தர் விஷயத்தில் ஓர் ஆறுதல் உண்டு: தாவாவில் சம்பந்தப்பட்ட ஒருவர் தாமாகவே தனி மத்தியஸ்தரை நியமித்துக்கொள்வது செல்லாது என்று 2019-இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது. நுகர்வோர் பிராதுக்குக் காலவரம்பு 2 வருஷந்தான். "அடுத்த மாதம் புது விமானம் வருகிறது" என்ற வாக்குறுதியிலேயே அந்த 2 வருஷத்தையும் கரைத்துவிட்டு வந்து நிற்பவர்களுக்குச் சட்டம் அதிகம் செய்வதற்கில்லை.

ஆகையால், தீர்ப்பை நம்பியிருப்பதைவிடத் தாவாவே எழாதபடி பணம் கைமாறும் முறையைத் திருத்துவது மேல். கிராமத்தில் வீடு கட்டுகிறவர்கூட மேஸ்திரிக்குக் கடைக்கால் போட்டதும் ஒரு பங்கு, லிண்டல் மட்டம் வந்ததும் ஒரு பங்கு, கூரை போட்டதும் ஒரு பங்கு என்றுதான் கொடுக்கிறார். அரைக்கோடி ரூபாய் அளவில் செலவாகும் படிப்புக்கு அந்த எச்சரிக்கை இல்லாமற் போனது ஏன்? இதற்கு நீதி சாஸ்திரத்தில் புதிதாக எதையும் தேடவேண்டியதில்லை. 2003-இல் இஸ்லாமிக் அகாடமி வழக்கில் உச்ச நீதிமன்றம், கல்வி நிலையங்கள் ஒரு வருஷத்துக்கு அல்லது ஒரு பருவத்துக்கு உரிய கட்டணத்தையே வாங்கலாம் என்றும், முன்கூட்டி வாங்கியிருந்தால் மீதியைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத் தொகையாகப் போட்டு, உரிய காலம் வரும்போது மாத்திரமே எடுக்கவேண்டும் என்றும், வட்டியை மாணவருக்குக் கொடுக்கவேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. "பருவம்" என்ற இடத்தில் "பறந்த மணி" என்று போட்டால் நமக்கு வேண்டிய விதி கிடைத்துவிடும்: முன்பணம் தனிக் கணக்கில் இருக்கட்டும், மாணவன் பறந்து, ஏட்டில் ஆசிரியர் கையெழுத்திட்ட மணிகளுக்குரிய தொகை மாத்திரம் பள்ளிக்குப் போகட்டும். இதனால் பள்ளியின் நடப்பு முதல் வற்றிப்போகும் என்று ஆட்சேபம் வரும். உண்மைதான். அதற்காக 25 மணிக்குரிய தொகையை எப்போதும் முன்னதாகவே வைத்துக்கொள்ள அனுமதிக்கலாம். இன்னொருவனுடைய முன்பணத்தில்தான் இன்றைக்கு எரிபொருள் வாங்கமுடியும் என்ற நிலையில் இருக்கும் பள்ளியிடம் பிள்ளையை ஒப்படைக்கலாமா என்பதும் யோசிக்கவேண்டியதே.

வங்கிகள் இதில் சட்டத்துக்காகக் காத்திருக்கவேண்டிய அவசியமே இல்லை. ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு வீட்டையோ நிலத்தையோ ஜாமீனாக வாங்கிக்கொள்ளும் வங்கி, பணத்தைப் பள்ளிக்கு அனுப்பும்போது மாத்திரம் பள்ளியின் கேட்புக் கடிதம் ஒன்றே போதுமென்று இருந்துவிடுகிறது. கடன் அனுமதிக் கடிதத்தில், அடுத்த தவணைக்கு மாணவனின் பறத்தல் ஏட்டுப் பிரதி வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அமெரிக்காவில் 2008 பிப்ரவரியில் லாஸ் வேகாஸைத் தலைமையிடமாகக் கொண்ட சில்வர் ஸ்டேட் ஹெலிகாப்டர்ஸ் என்ற பள்ளி திவாலாகி ஒரே நாளில் மூடிக்கொண்டபோது, 50,000 டாலருக்கு மேல் கடன் வாங்கியிருந்த மாணவர்கள் உரிமமும் இல்லாமல் கடனோடு நின்றார்கள். கடன் கொடுத்த கீ பேங்க் என்ற வங்கிக்கும் இதில் பொறுப்புண்டு என்று அவர்களில் சிலர் தொடுத்த வழக்கில், கடன் பத்திரத்திலிருந்த மத்தியஸ்த ஷரத்தைக் காட்டி, மத்தியஸ்தரிடம் போங்கள் என்றுதான் 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியது. பள்ளியை மூடி ஐந்து வருஷத்துக்குப் பிறகு கிடைத்த பதில் அது.

இனித் தலைமை இயக்குநரகம். கட்டணம் பள்ளிக்கும் மாணவனுக்கும் உள்ள சொந்த விவகாரம் என்று அது ஒதுங்கி நிற்பது வழக்கம். எவ்வளவு வாங்கலாம் என்று அது நிர்ணயிக்கவேண்டாம்; எப்படி வாங்கவேண்டும் என்று சொல்லலாம். கட்டண பாக்கிக்காக மாணவனின் பறத்தல் ஏட்டையோ, வேறு பள்ளிக்குப் போவதற்கான ஆட்சேபணையின்மைக் கடிதத்தையோ பிடித்து வைக்கக்கூடாது, பாக்கியை வசூலிக்கக் கோர்ட்டுக்குப் போய்க்கொள்ளுங்கள் என்று ஓர் உத்தரவிட்டால் பாதித் தாவாக்கள் பலமிழந்துபோகும். அந்த ஏட்டிலுள்ளது அவன் பறந்த நேரம், அடகுப் பொருள் அன்று. 2025 அக்டோபர் முதல் இயக்குநரகம் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தி வருஷத்துக்கு இருமுறை பட்டியல் வெளியிடுகிறது. முதல் பட்டியலில் மேல் இரண்டு படிகளில் ஒரு பள்ளியும் இடம்பெறவில்லை. அதில் மாணவர்களுக்கான உதவி என்ற தலைப்புக்கு நூற்றில் பத்து மதிப்பெண்தான். சேலம் உட்பட விமான நிலையங்களில் பயிற்சிப் பள்ளிகளுக்குப் புதிதாக இடம் ஒதுக்கி, இன்னும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை இந்தத் துறைக்கு அழைக்கும் அரசாங்கம், முன்பணத்தை எந்தக் கணக்கில் வைத்திருக்கிறீர்கள், வாக்களித்த மாதத்தில் பயிற்சியை முடித்தவர் எத்தனை பேர் என்ற இரண்டு கேள்விகளை அந்தத் தலைப்பின்கீழ்ச் சேர்த்து, பதில்களைப் பள்ளியின் பெயரோடு வெளியிட எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. அடுத்த பட்டியலிலேயே செய்யலாம்.