எஃகுப் பேழைக்கு யார் காவல்?

வாவியின் உப்புக்காற்றில் இரும்பு படும் பாட்டை வவுணதீவு மக்களுக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. இலங்கைக்கும் அணுமின் நிலையம் வேண்டுமெனக் கொழும்பில் பேசப்படும் இந்நாளில், அதன் கழிவு எங்கே வைக்கப்படும் என்று நாம் கேட்கிறோம். இது வீண் அச்சமன்று. கடலுக்கு அப்பால் கூடங்குளம் கற்பித்த பாடம்.

எரிந்து தீர்ந்த அணு எரிபொருளைச் சில ஆண்டுகள் நீர்த்தொட்டியில் ஆறவிட்டு, பின்னர் எஃகுப் பேழையில் அடைத்துக் கொங்கிறீற்றுக் கூட்டினுள் வைப்பது பல நாடுகளின் வழக்கம். பேழையின் ஆயுள் சில பத்தாண்டுகள். கடலோரமாயின் உப்புப் படிந்து அதன் ஒட்டுவாய்கள் வெடிக்கவுங்கூடும். உள்ளிருக்கும் புளுட்டோனியமோ பாதியாகக் குறையவே ஏறத்தாழ 24,000 ஆண்டுகள் செல்லும்!

கூடங்குளம் உலைக்கு 2013 மே 6ஆம் நாள் இசைவளித்த இந்திய உச்சநீதிமன்றம், கழிவுக்கென உலைக்கு வெளியே தனிக் களஞ்சியம் வேண்டுமென்றது. ஐந்தாண்டில் முடியவேண்டிய அவ்வேலைக்கு 2018இல் மீண்டும் தவணை கேட்கப்பட்டது. 2022 ஏப்பிரல் வரை கிடைத்தது. தவணை கேட்பது சட்டத்தரணிகளாகிய எமக்குப் புதிதன்று. ஆனால் அத்தவணைக் காலத்தில் உலை ஓயவில்லை, கழிவும் பெருகியது. நிரந்தரப் புதைகுழிக்கெனக் கோலார் தங்கவயலின் பெயர் 2012இல் அடிபட்டதும் அங்குள்ள மக்கள் கொதித்தெழ, அரசு பின்வாங்கிற்று.

ஆகவே, அனுமதிப்பத்திரத்தில் ஒப்பமிடுமுன்னரே களஞ்சியத்தின் இடம், அதற்கான நிதி, பொறுப்பேற்பவர் ஆகிய மூன்றும் 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்திற்குத் திருத்தமாகப் பாராளுமன்றத்தில் வைக்கப்படல் வேண்டும். களஞ்சியம் அமையும் ஊரின் மக்களை அவர்தம் மொழியிலேயே கேட்டறிந்த பின்னரே அத்திருத்தம் வாக்கெடுப்புக்கு வருதல் வேண்டும்.