சிப்பிக்கு எதற்கு சில்லர்?

கோட்டூர்புரம் அடுக்குமாடி வீட்டு ஹாலில் ஒரு துண்டுக் கடலைக் கொண்டுவந்து வைக்க என்ன செலவாகும்? கண்ணாடித் தொட்டி, உப்பு, மோட்டார், விளக்கு, தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் என்று லட்சத்தில் போகும். உங்கள் பணம், செலவழியுங்கள். ஆனால் தொட்டி நடுவில் நீலமும் பச்சையுமாக ஒரு ராட்சத சிப்பி உட்கார வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்களே, அங்கேதான் எனக்குப் பிரச்னை.

அந்த சிப்பியின் சதை மடிப்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தில் அவை தயாரித்துத் தரும் சர்க்கரைதான் சிப்பிக்கு முக்கியமான சாப்பாடு. ஆகவே ஹாலில் உச்சிவெயில் மாதிரி விளக்கு எரிய வேண்டும். எரிந்தால் தண்ணீர் சூடாகும். அதை 25 முதல் 28 டிகிரிக்குள் நிறுத்த சில்லர். தண்ணீர் ஆவியானால் உப்பு ஏறும். அது லிட்டருக்கு சுமார் 35 கிராமிலேயே நிற்க ஆர்.ஓ. தண்ணீர் ஊற்ற வேண்டும். ஓடு வளர வளர கால்சியம் குறையும். அதையும் அளந்து அளந்து சேர்க்க வேண்டும்.

இத்தனையும் கரன்ட்டை நம்பி! 2015 டிசம்பர் வெள்ளத்தில் கோட்டூர்புரம் இருட்டில் கிடந்தது மறந்துபோச்சா? அன்றைக்கு மனுஷனுக்கே குடிக்கத் தண்ணீர் இல்லை. மோட்டார் நின்ற தொட்டியில் சிப்பி என்ன செய்யும்?

‘நான் ஒழுங்கா பார்த்துப்பேன் சார்’ என்பீர்கள். இருக்கலாம். வெளிநாடுகளில் பல வருஷம் வளர்க்கிறவர்கள் உண்டு. பலாவ் தீவுப் பண்ணைகளில் குஞ்சு பொரித்து வளர்த்த சிப்பிகள் அங்கே விற்பனைக்குப் போகின்றன. இங்கே? லட்சத்தீவிலும் அந்தமானிலும் பாறையோடு ஒட்டிக்கொண்டிருப்பதைப் பெயர்த்தால்தான் உண்டு. பெயர்க்கும்போது அது பாறையைப் பிடித்திருக்கும் நார் வேரோடு கிழிந்தால், எவ்வளவு செலவழித்தாலும் பிழைப்பது கஷ்டம். ஏற்கெனவே 1998, 2010, 2016, 2024 என்று கடல் சூடாகி வெளுத்துப்போன பவளத் திட்டுகள் அவை.

இனி சட்டம். நம் கடலில் வாழும் ராட்சத சிப்பி வகைகளை 2001-ல் வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணை. வைத்திருந்தாலே குற்றம், ஜெயில். ‘இது இம்போர்ட்டட்’ என்று கடைக்காரர் சொல்வதை நம்பாதீர்கள். 1985 முதல் எல்லா ராட்சத சிப்பி வகைகளும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. பேப்பரைக் காட்டச் சொல்லுங்கள்.

அதே 2001-ல் கடல் அட்டையும் அதே அட்டவணைக்கு வந்தது. அதற்காக ராமநாதபுரம் மீனவர்கள் எத்தனை பேர் கைதாகி கோர்ட்டுக்கு அலைந்திருக்கிறார்கள்! கடல்தான் அவர்களுக்குச் சோறு. சோற்றுக்காகக் கடலில் கை வைத்தவனுக்கு விலங்கு. அழகுக்காகக் கை வைத்தவருக்கு வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளின் ‘வாவ்’. இது என்ன நியாயம்? சட்டம் மண்டபம் வரை போகிறது, லிஃப்ட் ஏறி ஐந்தாவது மாடிக்கு வர மறுக்கிறது.

கடல் மீன் ஆசையை விட முடியவில்லையா? கோமாளி மீனைப் பண்ணையிலேயே குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை நம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிவிட்டது. அப்படிப் பிறந்ததைக் கேட்டு வாங்குங்கள். சிப்பியைப் பார்க்க வேண்டுமானால் லட்சத்தீவுக்கு டிக்கெட் எடுங்கள். அது இருக்கிற இடத்தில் சூரியன் இலவசம். சில்லரும் தேவையில்லை, நீங்களும் தேவையில்லை.