பத்தரை மணிச் சோறு

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் இரண்டு சீட்டுகள் ஒட்டியிருக்கின்றன.

முதல் சீட்டு, திருச்சியில் ஒரு வயிற்று மருத்துவர் கொடுத்தது. நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், நடுச்சாமத்தில் தொண்டைவரை ஏறிவரும் கசப்பு என்று இரண்டு வருடம் இழுத்தடித்துவிட்டு, கடைசியில் எண்டோஸ்கோபி எடுத்தபோது எழுதித் தந்தார். வயிற்றைக் காலியாகப் போடக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து வேளை சாப்பிட வேண்டும். புளிப்பு, காரம், எண்ணெய், டீ, காபி குறைக்க வேண்டும். இரவு சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் படுக்க வேண்டும். கடைசி வரி, அடிக்கோட்டுடன்: எடையைக் குறைக்கவும்.

எப்படிக் குறைப்பது என்று சீட்டில் இல்லை. கேட்டேன். “வாயைக் கட்டுங்கம்மா” என்றார். அதற்குள் வெளியே அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இரண்டாவது சீட்டு, பணம் கட்டிச் சேர்ந்த டயட் வகுப்பில் கொடுத்தது. காலையில் வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாறு. 16 மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. பசித்தால் பால் சேர்க்காத கறுப்புக் காபி. மதியம் பச்சைக் காய்கறி சாலட், முளைகட்டிய பயறு. அரிசியைக் கண்ணால் பார்க்கக் கூடாது.

ஒரு சீட்டு காலி வயிறு ஆகாது என்கிறது. இன்னொன்று காலி வயிறுதான் மருந்து என்கிறது. ஒன்று புளிப்பை விலக்கச் சொல்கிறது, மற்றது புளிப்பில்தான் பொழுதையே தொடங்கச் சொல்கிறது. இரண்டையும் மூன்று வாரம் பின்பற்றினேன். எலுமிச்சை நெஞ்சைப் பொசுக்கியது, பச்சைக் காய்கறி வயிற்றை உப்ப வைத்தது, கறுப்புக் காபி கையை நடுங்க வைத்தது. இரண்டரை கிலோ குறைந்தது. அடுத்த மாதம் மூன்று கிலோ ஏறியது. “உனக்கு மனக்கட்டுப்பாடு இல்ல” என்றார்கள் வீட்டில்.

இந்தக் கட்டுரை என் மனக்கட்டுப்பாட்டைப் பற்றியதல்ல, எங்கள் வீட்டுக் கடிகாரத்தைப் பற்றியது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த இரண்டு சீட்டுகளுக்கும் இடையில் இருப்பது உண்மையான மருத்துவச் சண்டையே அல்ல. கூடுதல் எடை, குறிப்பாக இடுப்பைச் சுற்றிய எடை, இரைப்பையை அழுத்தி அமிலத்தை மேலே தள்ளுகிறது. எடை குறைந்தால் பலருக்கு நெஞ்செரிச்சலும் குறைகிறது. மருத்துவர் சொன்னது பொய்யில்லை. மாதத்துக்கு இரண்டு கிலோ என்று மெதுவாகக் குறைத்தால் வயிறு தாங்கும். எலுமிச்சையைத் தூக்கிப் போடலாம், அது கொழுப்பைக் கரைக்காது. பச்சைக் காய்க்குப் பதில் வேகவைத்த காய் சாப்பிடலாம். நார்ச்சத்தை ஒரே நாளில் கொட்டாமல், தண்ணீரோடு சேர்த்துப் படிப்படியாகக் கூட்டலாம். சோற்றைக் குறைத்துப் பருப்பு, முட்டை, மீன் சேர்க்கலாம். இரவு ஏழு, ஏழரைக்கு அளவாகச் சாப்பிட்டுவிட்டுக் காலை ஏழரைக்கு அடுத்த வேளை சாப்பிட்டால் 12 மணி நேர இடைவெளியும் கிடைக்கும், வயிறும் எரியாது. இரண்டு சீட்டையும் ஒருவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்திருந்தால் ஐந்து நிமிடத்தில் ஒரே சீட்டாக்கியிருக்கலாம்.

அப்படி ஒரே சீட்டாக்கினாலும் அது எங்கள் வீட்டில் செல்லாது. ஏனென்றால் அந்தச் சீட்டின் நடு ஆணி ‘இரவு ஏழரை’. எங்கள் வீட்டில் இரவு ஏழரை என்பது நான் மாவு பிசையும் நேரம்.

என் ஊர் லப்பைக்குடிக்காடு. வெள்ளாற்றின் தென்கரை. பாலத்தைத் தாண்டினால் திட்டக்குடி, கடலூர் மாவட்டம் தொடங்கிவிடும். என் ஒரு நாள் இப்படி: அதிகாலை 4.30-க்கு எழுந்து சுபுஹுத் தொழுகை, பிறகு எல்லோருக்கும் டீ. பிள்ளைகளுக்கு ஸ்கூல் வேன் 7.30-க்கு. மாமனாருக்கு டிபன் 8.30-க்கு. அவர் கடைக்குக் கிளம்புவது 9.30-க்கு. நான் சாப்பிடுவது 10.30-க்கு, நின்றபடி, ஆறிப்போன இரண்டு தோசை. மதியச் சோறு மூன்று மணிக்கு. அஞ்சு மணிக்கு டீயும் ரஸ்க்கும். கடையடைத்து வருகிறவருக்கு இரவு பத்து மணிக்குப் பரிமாறி, 10.30-க்கு நான் உட்காருகிறேன். சட்டியில் மிஞ்சியதும் பிள்ளைகள் தட்டில் விட்டதும்தான் என் சாப்பாடு. “சோத்த வீசுனா பரக்கத்து போயிடும்.” சரிதான். ஆனால் வீட்டின் பரக்கத்தைக் காக்கும் பொறுப்பு ஏன் என் இரைப்பையிடம் மட்டும் ஒப்படைக்கப்பட்டது?

சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்க வேண்டுமானால் நான் 1.30-க்குப் படுத்து 4.30-க்கு எழ வேண்டும். டயட் வகுப்பு கேட்ட பட்டினியோ என்னிடம் ஏற்கெனவே இருந்தது. இரவு 10.30 முதல் காலை 10.30 வரை 12 மணி நேரம், பைசா கட்டாமல், பல வருடமாக. எடை குறைந்ததா? பட்டினி கிடந்தவள் மதியம் மூன்று மணிக்குச் சோற்றுக் குண்டானைக் கண்டால் என்ன செய்வாள்?

மருத்துவரின் சீட்டும் டயட் சீட்டும் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன. எப்போது சாப்பிடுவது என்பதைத் தானே முடிவு செய்கிற ஆளுக்கு, அதைச் சமைத்து எடுத்துவர இன்னொரு ஆள் இருப்பவருக்கு எழுதப்பட்டவை இரண்டும். அதாவது, என் கணவருக்கு. மத்திய அரசு 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம், அப்படி வேலை செய்கிற ஆண் செலவிடுவது 97 நிமிடம். வீட்டு வேலையில் கை வைத்த ஆண்களே நான்கில் ஒருவர் அளவுதான். “ஐந்து வேளை சாப்பிடுங்கம்மா” என்று என்னிடம் சொன்னால், என் காதில் விழுவது ‘இன்னும் இரண்டு வேளை சமையுங்கம்மா’ என்பதுதான்.

எங்கள் ஊர் ஆண்கள் நிறைய பேர் வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவு. டிக்கெட் போட்ட சேதி வந்ததும் சில வீடுகளில் வெள்ளையடிப்பார்கள். சில வீடுகளில் பெண் மெலிய ஆரம்பிப்பாள். “வீடியோ கால்ல முகம் ஊதின மாதிரி இருக்கே” என்ற ஒரு வார்த்தை போதும். என் உறவுக்காரப் பெண் ஒருத்திக்கு அப்படித்தான் நடந்தது. இரண்டரை மாதத்தில் 15 கிலோ. இரவில் எதுவுமில்லை, பகலில் வெள்ளரிக்காயும் மோரும். அவர் வந்து இறங்கியதும் விருந்து, மறுவிருந்து, தினம் ஒரு வீட்டில் பிரியாணி. மூன்றாவது வாரம் வலது விலாவுக்குக் கீழே உயிர் போகிற வலி. ஸ்கேனில் பித்தப்பை நிறையக் கல். அவளுக்கு வயது 31.

இது விதியின் விளையாட்டல்ல. கொழுப்புள்ள உணவு குடலுக்குள் வந்தால்தான் பித்தப்பை நன்றாகச் சுருங்கிப் பித்தநீரை வெளியேற்றும். நீண்ட நேரம் எதுவும் சாப்பிடாதபோது பித்தநீர் தேங்கிக் கெட்டியாகிறது. அதே சமயம், உடல் தன் கொழுப்பை வேகமாகக் கரைக்கும்போது கல்லீரல் பித்தநீரில் கூடுதல் கொலஸ்ட்ராலைத் தள்ளுகிறது. இரண்டும் சேர்ந்தால் கல். வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் குறைப்பவர்களுக்கு இந்த ஆபத்து கூடுகிறது என்பது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

மருத்துவ மாணவர்கள் பித்தப்பைக் கல்லுக்கு ஒரு சூத்திரம் மனப்பாடம் செய்வார்கள். குண்டானவள், பெண், நாற்பதைத் தொட்டவள், பிள்ளை பெறுகிறவள். ஆங்கிலத்தில் நான்குமே ‘எஃப்’ எழுத்தில் தொடங்கும். பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனாலும் கர்ப்பத்தாலும் கல் அதிகம் வருவது உண்மைதான். ஆனால் அந்தச் சூத்திரத்தைப் பாருங்கள். நான்கும் பெண்ணின் உடம்பு என்னவாக இருக்கிறது என்று சொல்கின்றன. அந்த உடம்புக்கு என்ன செய்யப்பட்டது என்று ஒன்றுகூடச் சொல்லவில்லை. பட்டினி என்ற சொல்லும் ஆங்கிலத்தில் ‘எஃப்’ எழுத்தில்தான் தொடங்குகிறது. அதை ஐந்தாவதாகச் சேர்த்துக்கொள்ள அந்தச் சூத்திரத்தில் இடமில்லாமல் போயிற்று.

“பொம்பளைங்க உட்கார்ந்து சீரியல் பார்த்துத் தின்னு தின்னு பெருத்துப் போறாங்க” என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் கூடுதல் எடை உள்ள பெண்கள் 40.4 விழுக்காடு, ஆண்கள் 37 விழுக்காடு. மூன்று விழுக்காடு வித்தியாசம்தான். ஆனால் எந்தக் கல்யாணத்திலாவது ஒரு ஆணிடம், “என்ன மச்சான், ரொம்ப வெயிட் போட்டுட்டீங்க, கொள்ளு குடிங்க” என்று பத்துப் பேர் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அவருக்கு வருவது தொப்பை, எங்களுக்கு வருவது குற்றம். அதே கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. எடை கூடிய உடம்பு நன்றாகச் சாப்பிட்ட உடம்பல்ல. சோறும் சீனி டீயும் ரஸ்க்குமாக நிரப்பப்பட்ட உடம்பாகவும் இருக்கலாம்.

மெலிவைக் கொண்டாடும் பழக்கம் எவ்வளவு கொடியது என்பதை என் சின்னம்மா விஷயத்தில் பார்த்தேன். அவர் எந்த டயட்டும் செய்யவில்லை. ஆறு மாதத்தில் பத்துக் கிலோ குறைந்தது. “மாஷா அல்லாஹ், பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கீங்க, என்ன சாப்பிடுறீங்க?” என்று தெருவே கேட்டது. அவரும் சிரித்துக்கொண்டார். சோறு இறங்க மறுத்ததை, மலம் கறுத்துப் போனதை யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. இரைப்பையில் கட்டி என்று தெரிந்தபோது அறுவை சிகிச்சைக்கான நேரம் கடந்திருந்தது. முயற்சி செய்யாமல் எடை குறைவது, விழுங்கும்போது அடைப்பது, கறுப்பாக மலம் போவது, ரத்த வாந்தி ஆகியவை உடனே மருத்துவரிடம் ஓட வேண்டிய அறிகுறிகள். எங்கள் தெரு அவற்றில் முதலாவதுக்கு வாழ்த்துச் சொன்னது. நானும்தான் சொன்னேன்.

இளம்பெண்கள் இதைப் பார்த்துத்தான் வளர்கிறார்கள். 2026 ஜனவரியில் மதுரையில் 19 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர், யூடியூப் காணொளியை நம்பி, உடல் மெலிய வெங்காரம் வாங்கிச் சாப்பிட்டு இறந்தார். 2025 மார்ச்சில் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் 18 வயதுப் பெண் ஒருவர் குண்டாகிவிடுவோமோ என்ற பயத்தில் சாப்பாட்டை ஒதுக்கியே இறந்தார். காணொளிகளைத் தடை செய்யுங்கள் என்றார்கள். செய்யட்டும். அந்தக் காணொளியைத் தேடும்படி அந்தப் பிள்ளைகளைத் துரத்திய வாய்களை எந்தச் சட்டம் தடை செய்யும்?

நேரத்தை மாற்றவே முடியாது, குடும்பம் என்றால் அப்படித்தான் என்கிறார்கள். எங்கள் ஊரிலேயே அதற்குப் பதில் இருக்கிறது. ரமலானில் மஃரிப் பாங்கு சொன்னதும் ஊர் முழுக்க ஒரே நிமிடத்தில் வாய் திறக்கிறது. மாமனார், கணவர், பிள்ளை, நான், எல்லோரும் ஒரே விரிப்பில். கடைசி நிமிடம்வரை அடுப்படியில் வடை சுடுவது நானாக இருந்தாலும், அந்த முதல் பேரீச்சம்பழம் எனக்கும் அதே நொடியில்தான். கடையை அடைத்துவிட்டு வருகிறார்கள். வியாபாரம் சாய்ந்துவிடவில்லை. நோயாளிக்கு நோன்பிலிருந்து விலக்குக் கொடுத்த மார்க்கம் இது. ஆண்கள் சாப்பிட்ட பிறகுதான் பெண் சாப்பிட வேண்டும் என்று அது எங்கேயும் கட்டளையிடவில்லை. வருடத்தில் ஒரு மாதம் முடிகிற காரியம் மற்ற பதினொரு மாதம் ஏன் முடியாது?

மருத்துவர்களிடம் கேட்கிறேன்: ‘எடையைக் குறைக்கவும்’ என்று எழுதும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள், யார் சமைக்கிறார்கள், எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்? எத்தனை கிலோ, எத்தனை மாதத்தில் என்றும் எழுதுங்கள். முடிந்தால் கூட வந்த ஆணை உள்ளே கூப்பிட்டு, “இவங்க ஏழரைக்குச் சாப்பிடணும், அதுக்கு நீங்க என்ன செய்வீங்க?” என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்குப் பாதி மாத்திரைகள் மிச்சமாகலாம்.

நம்மிடமும் கேட்கிறேன்: இன்னொரு பெண்ணைப் பார்த்ததும் அவள் எடையைச் சொல்லி வரவேற்பதை நிறுத்துவோம். ‘சாப்பிட்டியா’ என்று கேட்கிறோமே, அதோடு ‘எத்தனை மணிக்கு’ என்றும் கேட்போம்.

நான் இரண்டு சீட்டையும் இன்னும் கிழிக்கவில்லை. போன மாதத்திலிருந்து இரவு ஏழரைக்குத் தட்டுப் போட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறேன். பத்து மணிக்கு வருகிறவருக்கு ஹாட்பாக்ஸில் மூடி வைத்திருக்கிறேன். எடுத்துப் போட்டுக்கொள்ள அவருக்கும் இரண்டு கை இருக்கிறது. முதல் வாரம் அவர் பேசவில்லை. “ஆம்பளை சாப்பிடாம பொம்பளை கை நனைக்கிறதா” என்று மாமி இன்னமும் முணுமுணுக்கிறார். மகன் வரும்வரை காத்திருந்து, அவன் சாப்பிட்ட பிறகே சாப்பிடுகிறார். அவர் தலையணைக்கு அடியில் முப்பது வருடமாக ஜெலுசில் பாட்டில் இருக்கிறது.

நேற்று அவருக்கும் ஏழரைக்கு ஒரு தட்டு எடுத்து வைத்தேன். தொடவில்லை. இன்றைக்கும் வைப்பேன்.