வாங்கி வந்த கோழியை உடனே அவிழ்த்துவிடாதீர்கள்

சந்தையில் இரண்டு பெட்டைக்கோழி வாங்கி, காலைக் கட்டிப் பையில் வைத்துக் கொண்டுவருகிறோம். வீட்டுக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து முற்றத்தில் விட்டுவிடுகிறோம். பழைய கோழிகள் சூழ்ந்துகொண்டு கொத்துகின்றன. "ரெண்டு நாளில் பழகிவிடும்" என்று வீட்டில் சொல்வார்கள். கொத்துவது பெரும்பாலும் பழகித்தான் போகும். நாம் பயப்பட வேண்டியது வந்த கோழியோடு சேர்ந்து வந்திருக்கக்கூடிய சீக்குக்கு.

வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோயின் கிருமி உடலுக்குள் புகுந்து அறிகுறி காட்ட ஐந்தாறு நாள் ஆகும். சில கோழிகளில் 15 நாள்கூட ஆகலாம். அதனால் வாங்கும் அன்று கோழி நன்றாக இரை எடுக்கும், கொண்டையும் சிவப்பாக இருக்கும். எவ்வளவு கைதேர்ந்தவர் பார்த்தாலும் தெரியாது. அடுத்த வாரம் பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், இறக்கை தொங்கும், கழுத்து திருகிக்கொள்ளும். இதைக் குணப்படுத்த மருந்து இல்லை. தடுப்பூசி போடாத கோழிகளாக இருந்தால் முற்றமே காலியாகிவிடும். முட்டை விற்ற காசில் பிள்ளைக்கு நோட்டும் வீட்டுக்கு மளிகையும் வாங்கும் பெண்களுக்கு இது சின்ன நட்டமல்ல.

ஆகவே புதுக்கோழியை ஒரு மாதம் தனியே வையுங்கள். வீட்டின் மறுபக்கம், பழைய கோழிகள் போகாத இடமாக இருக்கட்டும். தீவனத் தட்டும் தண்ணீர்ச் சட்டியும் தனியாக வேண்டும். முதலில் பழைய கோழிகளுக்குத் தீனி வைத்துவிட்டு, கடைசியாகப் புதியதிடம் போங்கள். திரும்பியதும் கை கால் கழுவுங்கள். எச்சம் செருப்பில் ஒட்டி வந்தாலே போதும், நோய் பரவிவிடும். இந்த நாட்களிலேயே குடற்புழு நீக்க மருந்து கொடுத்து, இறகை விலக்கிப் பேன், உண்ணி இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.

ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. எட்டு வாரம் தாண்டிய கோழிகளை அதற்குக் கொண்டுபோங்கள். ஊசி போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது, இரண்டு வாரமாவது ஆகும். புதிதாக வாங்கும் எண்ணம் இருந்தால் பழைய கோழிகளுக்கு முன்கூட்டியே போட்டுவிடுவது நல்லது.

விற்பவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு கோழி செத்ததும் மிச்சத்தை வந்த விலைக்குச் சந்தையில் தள்ளிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கையில் இருப்பதாவது தேறட்டும் என்ற தவிப்பு புரிகிறது. ஆனால் அந்தக் கோழி அடுத்த ஊரில் பத்து வீட்டுக் கோழியைக் கொன்றுவிடும். தயவுசெய்து விற்காதீர்கள். செத்ததை வாய்க்காலில் வீசாமல், ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

ஒரு மாதம் கழிந்த பிறகுதான் கொத்தும் பிரச்சினை. கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு. நார்வேக்காரர் ஷெல்டெரூப்-எபே 1921-இல் எழுதி உலகம் அறிந்த சங்கதி இது. நம் பாட்டிமார்களுக்கு முன்பே தெரியும். ஒற்றைக் கோழியை விட்டால் எல்லா அடியும் அதற்கே விழும். இரண்டு மூன்றாக விடுங்கள். முதல் வாரம் முற்றத்திலேயே பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்தால், ஒன்றையொன்று பார்த்துப் பழகும். பிறகு ஒருநாள் இருட்டியபின் மற்றவற்றோடு கூண்டில் அடையுங்கள். காலையில் இரையை இரண்டு மூன்று இடத்தில் பிரித்துப் போடுங்கள். குஞ்சோடு இருக்கும் தாய்க்கோழி பக்கம் மட்டும் விடவேண்டாம். ரத்தம் வரும் அளவுக்குக் கொத்துப்பட்ட கோழியை உடனே பிரித்து, மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவி, புண் ஆறிய பிறகு மறுபடி சேருங்கள். ரத்தத்தைக் கண்டால் மற்ற கோழிகள் விடாமல் கொத்தும்.